அடுத்தவங்க மவுஸைத் தொடாதீங்க

என் நாத்தனார் பேரை நான் உங்களுக்குச் சொல்லப்போறதில்லை. கோவிச்சுக்காதீங்க, காரணம் இருக்கு. இப்போதைக்கு டீச்சர்னு வெச்சுக்குங்க. எங்க சட்டைக் கம்பெனியில மேனேஜர்ல இருந்து வாசல்ல நிக்கிற வாட்ச்மேன் வரைக்கும் அவளை அப்படித்தான் கூப்பிடறாங்க. "டீச்சர் வந்தாச்சா? டீச்சர் மாடியில இருக்காங்களா?" இதைக் கேக்கும்போதெல்லாம் எனக்கு உள்ளுக்குள்ள குளுகுளுன்னு இருக்கும். இருக்காதா பின்னே? அவளை அந்த மாடி அறைக்குள்ள பிடிச்சுத் தள்ளினதே நான்தானே.

நான் யாருன்னு சொல்லிடறேன். அவ அண்ணனுக்கு வாக்கப்பட்டவ. கம்பெனியில சட்டைக்குப் பாக்கெட் வெச்சுத் தைக்கிறது என் வேலை, அதனால எங்க தையல் லைன்ல என் பேரு பாக்கெட். எங்க லைன்ல யாருக்கும் அப்பா அம்மா வெச்ச பேர் கிடையாது, என்ன தைக்கிறோமோ அதுதான் பேர். காலர் தைக்கிறவ காலர். துணி ஓரம் பிரியாம அடிக்கிற ஓவர்லாக் மெஷின்ல உக்காந்திருக்கிறவங்க ஓவர்லாக் அக்கா. அந்த மெஷின் சத்தத்தையே அவங்க குரல் அமுக்கிடும். எனக்கும் வாய் கொஞ்சம் நீளம்தான், அவசரமும் ஜாஸ்தி. "கால்ல வெந்நீரை ஊத்திக்கிட்டே பொறந்தவ"ன்னு என் வீட்டுக்காரர் சொல்லுவார். சொல்லட்டும். அவர் சட்டைப் பட்டனை அவரே தெச்சுக்கட்டும், அப்பத் தெரியும்.

என் நாத்தனாருக்குப் பேச்சு திக்கும். சின்ன வயசுல இருந்தே அப்படித்தான். வார்த்தை மனசுல தயாரா இருக்கும், தொண்டை வரைக்கும் வரும், வந்து நின்னுடும். அதை நான் உங்களுக்கு நடிச்சுக் காட்ட மாட்டேன். அப்படி நடிச்சுக் காட்டின ஆளுங்களை நான் சும்மா விட்டதும் இல்லை.

வெளியாளுங்களுக்குத் தெரியாத ஒண்ணைச் சொல்றேன். திக்குறவங்க ரொம்பப் புத்திசாலித்தனமா ஒரு வேலை செய்வாங்க. ஒரு வார்த்தை மாட்டும்னு முன்னாடியே தெரிஞ்சா, சட்டுனு வேற வார்த்தைக்குத் தாவிடுவாங்க. இவ பச்சைத் துணி வாங்கப் போவா, நீலத் துணியோட வருவா. ஏன்டீன்னா, "பிடிச்சுது அண்ணி"ம்பா. பஸ்ல நம்ம ஸ்டாப்போட பேர் வாயில வரலேன்னா, அடுத்த ஸ்டாப்புக்கு டிக்கெட் எடுத்து, இறங்கி, திரும்பி நடந்து வருவா. செருப்பு ஏன் இப்படித் தேயுதுன்னு என் மாமியார் ஒருநாள் பிடிச்சு உலுக்கினப்பதான் எங்களுக்கே அந்த விஷயம் தெரியும். இப்படி எல்லாத்துக்கும் அவகிட்ட ஒரு மாத்து வழி இருந்துச்சு. சொந்தப் பேருக்கு மட்டும் இல்லை. யாராவது பேர் கேட்டா வேற பேரையா சொல்ல முடியும்? அந்த ஒரு வார்த்தைதான் அவளுக்கு எப்பவும் மாட்டும்.

கம்ப்யூட்டர் படிப்பு படிச்சா. பாடத்துல கெட்டி, ப்ரோக்ராம் எழுதறதுல அதைவிடக் கெட்டி. என்ன பிரயோஜனம்? எந்த இண்டர்வியூவுக்குப் போனாலும் முதல் கேள்வியே "உங்க பேரென்ன?"தான். அங்கயே ஆட்டம் முடிஞ்சுடும். எதிர்ல இருக்கிறவங்க சர்ட்டிபிகேட்டைப் பார்த்து அவங்களே பேரைப் படிச்சுட்டு, "பரவாயில்லைம்மா, சொல்லி அனுப்பறோம்"னு இரக்கமா ஒரு சிரிப்பு சிரிப்பாங்க. இரக்கமாம் இரக்கம்! சொல்லியும் அனுப்பினதில்லை, ஒண்ணும் இல்லை. திரும்பி வந்து, புடவையை மாத்திக்கிட்டு, எதுவுமே நடக்காத மாதிரி எனக்குக் காய் நறுக்கிக் கொடுப்பா. எனக்குத்தான் வயிறு எரியும்.

அந்தச் சமயத்துலதான் எங்க கம்பெனிக்கு எம்பிராய்டரி மெஷின் வந்து இறங்குச்சு. பாக்கெட் மேல பூ, பறவை, எழுத்து எதுவானாலும் அதுவே போடும். ஆனா ஊசி எங்க போகணும், எங்க திரும்பணும்னு யாராவது கம்ப்யூட்டர்ல எழுதிக் கொடுக்கணும். லைன்ல இருக்கிற பொம்பளைங்களுக்கே அதைச் சொல்லிக் கொடுத்து, கத்துக்கிட்டவங்களை அந்தப் பிரிவுக்கு மாத்தலாம்னு முடிவு பண்ணினாங்க. மாடியில துணி போட்டு வெச்சிருந்த அறையைக் காலி பண்ணி, கம்ப்யூட்டரை வரிசையா வெச்சாங்க. ஷிப்ட் முடிஞ்சதும் வகுப்பு.

ஆரம்பத்துல வந்த வாத்தியாருக்கு நாங்க வெச்ச பேரு மின்னல். நல்ல மனுஷன்தான், ஆனா கை சும்மா நிக்காது. நாங்க திருதிருன்னு முழிச்சா போதும், கையில இருந்து மவுஸைப் பிடுங்கி, "இங்க இழுங்க, இங்க விடுங்க, இதைத் தட்டுங்க, அவ்வளவுதான், புரிஞ்சுதா?"ன்னு அவரே முடிச்சு வெச்சுடுவார். நாங்களும் பூம்பூம் மாடு மாதிரி தலையை ஆட்டுவோம். அவர் அந்தப் பக்கம் நகர்ந்ததும் ஒருத்தி மூஞ்சியை ஒருத்தி பார்ப்போம். கரையில நின்னு வேடிக்கை பார்த்தா நீச்சல் வருமா? கொஞ்ச நாள்ல அவருக்கு வேற இடத்துல வேலை கிடைச்சுது, போயிட்டார். வகுப்பு பூட்டிக் கிடந்துச்சு.

நான் நேரா மேனேஜர்கிட்ட போனேன். "சார், எங்க வீட்டுல ஒருத்தி இருக்கா. இந்தப் படிப்புதான் படிச்சிருக்கா"ன்னு ஆரம்பிச்சு எல்லாத்தையும் சொன்னேன், திக்குறதையும் மறைக்கலை. அவர் யோசிச்சுட்டு, "என்னம்மா, பேச்சே வராதவங்க எப்படிப் பாடம் நடத்துவாங்க?"ன்னார். எனக்குச் சுர்ருன்னு ஏறிடுச்சு.

"பேச்சு மழையாக் கொட்டினவர் நடத்தி நாங்க என்னத்தைக் கிழிச்சோம் சார்?"னு கேட்டுட்டேன்.

நல்லவேளை, மனுஷன் சிரிச்சுட்டார். தற்காலிகமா வரட்டும், தலைமை ஆபீஸ்ல இருந்து பயிற்சி அதிகாரி வந்து வகுப்பைப் பார்த்துச் சரின்னு சொன்னா வேலை நிரந்தரம், இல்லேன்னா வேற ஆளைப் போட்டுடுவோம்னு சொன்னார். வீட்டுக்கு வந்து இவகிட்ட சொன்னா, மாட்டவே மாட்டேன்னு தலையை ஆட்டறா. "உன் அண்ணன் என்னைப் பொண்ணு பார்க்க வந்தப்ப நானும்தான் மாட்டேன்னேன். என்ன கெட்டுப்போச்சு?"ன்னு கேட்டேன். அந்தப் பக்கம் அவ அண்ணன் பேப்பருக்குப் பின்னாடி இருமினார். மறுநாள் அவளைக் கையோட இழுத்துட்டுப் போனேன்.

முதல் நாள் வகுப்பு இன்னும் கண்ணுலயே நிக்குது. உள்ளே வந்தா. வணக்கம் கூடச் சொல்லலை, சிரிச்சா. போர்டுல முத்து முத்தா ஒரு வரி எழுதினா: "அடுத்தவங்க மவுஸைத் தொடக்கூடாது. நானும் தொட மாட்டேன்." எழுதிட்டு எங்க பின்னாடி ஒரு ஸ்டூலைப் போட்டு உக்காந்து, ரெண்டு கையையும் மடியில வெச்சுக்கிட்டா. அவ்வளவுதான். அதான் வகுப்பு.

கம்ப்யூட்டர்ல அவ போட்டுவெச்சது குழந்தைங்களுக்குப் ப்ரோக்ராம் கத்துக் கொடுக்கிற ஒரு சாஃப்ட்வேர். திரையில ஒரு குட்டி வண்டு உக்காந்திருக்கும். ஓரத்துல கலர் கலரா கட்டைங்க. ஒவ்வொரு கட்டை மேலயும் தமிழ்ல எழுத்து: "நட", "வலப்பக்கம் திரும்பு", "நில்", "திரும்பத் திரும்பச் செய்". வேணுங்கிற கட்டையை மவுஸால இழுத்து ஒண்ணுக்குக் கீழ ஒண்ணா மாட்டி, பச்சைப் பொத்தானைத் தட்டினா, வண்டு அந்த வரிசைப்படி நடக்கும், நடக்கிற வழியெல்லாம் கோடு போடும்.

ஓவர்லாக் அக்காவுக்கு வந்துச்சே கோவம்! "என்ன டீச்சர் இது? மருமக எடுத்தாச்சு எனக்கு. இந்த வயசுல வண்டு விட்டு விளையாடச் சொல்றீங்களா?"

இவ பச்சைப் பொத்தானைக் கையால காட்டினா. அக்கா முணுமுணுத்துக்கிட்டே ஏதோ ரெண்டு கட்டையை மாட்டித் தட்டினாங்க. வண்டு விறுவிறுன்னு நடந்து திரையை விட்டே வெளியே போயிடுச்சு. "ஏய் ஏய்! எங்க போற? நில்லு!"ன்னு அக்கா கத்தினாங்க. வண்டா கேக்கும்? நாங்க சிரிச்சோம். அப்பதான் டீச்சர் முதல் தடவையா வாயைத் திறந்தா. மெதுவா, நடுவுல ரெண்டு இடத்துல நின்னு, "நில்லுன்னு நீங்க சொல்லவே இல்லையே"ன்னா. அக்கா திரையைப் பார்த்தாங்க, கட்டைங்களைப் பார்த்தாங்க. "அடடே, ஆமாம்ல"ன்னு அவங்களே "நில்" கட்டையைத் தேடி மாட்டினாங்க. அன்னிக்கு அவங்களை வீட்டுக்கு அனுப்பறதுக்குள்ள போதும் போதும்னு ஆயிடுச்சு.

நாள் ஆக ஆக எனக்கு ஒண்ணு புரிஞ்சுது. நாம தப்புப் பண்ணிட்டு முழிச்சா, அவ ஓடி வர மாட்டா. பக்கத்துல வந்து நிப்பா, அவசரமே இல்லாம நிப்பா. "வண்டைப் பாருங்க"ம்பா. மறுபடி ஓட்டுவோம், எங்க தடம் மாறுதுன்னு பார்ப்போம், மறுபடி ஓட்டுவோம். எனக்கெல்லாம் பொறுமையே கிடையாது, "விடையைச் சொல்லித் தொலையேன்டி"ன்னு வகுப்புலயே கத்தியிருக்கேன். "வண்டைப் பாருங்க அண்ணி." அதே பதில்தான். ஜென்மம் பூரா அடுத்தவங்க அவ வாயில இருந்து வார்த்தையைப் பிடுங்கிப் பிடுங்கி முடிச்சு வெச்சிருக்காங்க. அது எப்படி இருக்கும்னு அவளுக்குத் தெரியும். அதனாலதான் யாரோட கையில இருந்தும் எதையும் பிடுங்க மாட்டா. எனக்கு அவ மேல இருந்த பாசம், அந்த அறையிலதான் மரியாதையா மாறுச்சு.

ஒரு கூத்து நடந்துச்சு, அதைச் சொல்லியே ஆகணும். திரையில பெரிய சட்டம் ஒண்ணு இருக்கும். அதுக்குள்ள சின்னச் சின்னக் கட்டமா வண்டை வரைய விட்டு நிரப்பணும். ஒவ்வொரு கட்டத்துக்கும் அளவு அங்கயே எழுதியிருக்கும். ரொம்பச் சுலபம். ஆனா ஒருத்தருக்கும் சரியா வரலை. கடைசிக் கட்டம் சட்டத்தைத் தாண்டி வெளியே துருத்திக்கிட்டு நிக்குது. எனக்கும் அப்படித்தான், காலருக்கும் அப்படித்தான், ஓவர்லாக் அக்காவுக்கும் அப்படித்தான். டீச்சர் நெத்தியைச் சுருக்கிக்கிட்டுத் திரைக்குத் திரை நடந்தா. ஆளுக்கு ஒரு தப்புப் பண்ணினா சரி, எல்லாரும் சொல்லி வெச்ச மாதிரி ஒரே தப்பைப் பண்ணுவாங்களா?

லீவு நாள் மத்தியானம் வீட்டுல நான் தரையில துணியை விரிச்சு என் ஜாக்கெட்டுக்கு அளவு போட்டுக்கிட்டிருந்தேன். சாக்பீஸால ஒரு கோடு, அதுக்கு வெளியே இன்னொரு கோடு. இவ பக்கத்துல உக்காந்து பார்த்துக்கிட்டே இருந்தவ, "எதுக்கு அண்ணி ரெண்டு கோடு?"ன்னு கேட்டா.

"உள்கோடு அளவு. வெளிக்கோடு தையலுக்கு விடறது. துணி விடாம வெட்டினா, தெச்சதுக்கு அப்புறம் மூச்சு விட முடியாது, தெரியும்ல?"

அவ்வளவுதான், சிரிக்க ஆரம்பிச்சா பாருங்க! கண்ணுல தண்ணி வர வரச் சிரிக்கிறா. என் மாமியார் பயந்துபோய் உள்ளே இருந்து ஓடி வந்துட்டாங்க.

மறுநாள் வகுப்புலயும் அவ விடையைச் சொல்லலை. போர்டு பக்கத்துல நின்னு ஒரே ஒரு கேள்வி கேட்டா: "இந்த வண்டு தைக்குமா?"

யாருக்கும் ஒண்ணும் விளங்கலை. இவளுக்கு என்ன ஆச்சுன்னு நானே நினைச்சேன். அப்புறம் ஓவர்லாக் அக்கா தலையில படார்னு அடிச்சுக்கிட்டாங்க. "அடிப்பாவிங்களா! இது வரையத்தான் செய்யும், தைக்காதேடி! இதுக்கு எதுக்குடி தையலுக்கு விட்டோம்?" எல்லாரும் அவங்கவங்க கட்டையைப் பார்த்தா, எழுதியிருக்கிற அளவுக்கு மேல கொஞ்சம் கூட்டிக் கூட்டிப் போட்டிருக்கோம்! யாரும் சொல்லலை, யாரும் யோசிக்கலை, கை பழக்கம். அறையே அதிர்ற மாதிரி சிரிச்சோம். அன்னிக்கு இருந்து யார் எந்தத் தப்புப் பண்ணினாலும், "என்ன, தையலுக்கு விட்டுட்டியா?"ன்னுதான் கேப்போம்.

அதுக்கப்புறம் நாங்க நிக்கவே இல்லை. ஒரு இதழ் வரைஞ்சு, கொஞ்சம் திரும்பி, "திரும்பத் திரும்பச் செய்" கட்டைக்குள்ள அதைப் போட்டா முழுப் பூவே வந்துடும்னு நானா கண்டுபிடிச்ச அன்னிக்கு, பெத்த பிள்ளை முதல் அடி வெச்சப்பக் கத்தின மாதிரி கத்தினேன். அந்தப் பூவைத்தான் பின்னாடி நிஜ மெஷின்ல ஏத்தி, நிஜப் பாக்கெட் மேல தெச்சோம். நான் எழுதின பூ, என் பாக்கெட் மேல. சோதனைக்குத் தெச்ச அந்தச் சட்டை எங்க வீட்டுக்காரருக்கு வந்துச்சு, இன்னும் துவைக்கப் போட விட மாட்டேங்கிறார்.

இந்த நேரம் பார்த்துத்தான் மேனேஜர் என்னைக் கூப்பிட்டு விட்டார். "அதிகாரி நாளைக்கு வர்றாங்க. ஒண்ணு சொல்லணும். மின்னல் மறுபடி இந்த வேலையைக் கேட்டிருக்கார். தலைமை ஆபீஸ்ல அவரைத் தெரியும், நல்லாப் பேசுவார்னு அபிப்பிராயம். உங்க நாத்தனாருக்கு நல்லது நினைச்சுச் சொல்றேன், நாளைக்கு அவங்களைப் பேச விடாதீங்க. கேள்வி வந்தா நீங்களே பதில் சொல்லிடுங்க."

எனக்கும் அது சரின்னுதான் பட்டுச்சு. சாயங்காலம் வீட்டுல அவகிட்ட சொன்னேன். துணி மடிச்சுக்கிட்டு இருந்தவ, கையில இருந்ததைக் கீழ வெச்சுட்டு என்னை நிமிர்ந்து பார்த்தா.

"நானே சொல்றேன் அண்ணி."

"பேர் கேப்பாங்கடி. முதல்ல அதைத்தான் கேப்பாங்க."

"தெரியும்"னா. மறுபடி துணியை எடுத்து மடிக்க ஆரம்பிச்சா. இந்த வேலை போச்சுன்னா இவ இன்னொரு தடவை வெளியே கிளம்பவே மாட்டான்னு எனக்கு நல்லாத் தெரியும். அவளுக்கும் தெரியும். என் மாமியார் சாப்பாடே இறங்காம உக்காந்திருந்தாங்க.

அதிகாரி வந்தாங்க. மூக்குக் கண்ணாடி போட்ட, சுறுசுறுப்பான அம்மா. வெடுவெடுன்னு நடை. மேனேஜர் பின்னாலயே ஓடி வந்து நாற்காலி போட்டார். டீச்சர் வழக்கம்போல சிரிச்சா, வழக்கம்போல ஸ்டூல்ல உக்காந்தா, கை ரெண்டும் மடியில. அதிகாரி கொஞ்ச நேரம் பார்த்தாங்க. பாடமே ஆரம்பிக்கக் காணோமேன்னு அவங்க முகத்துலயே எழுதி ஒட்டியிருந்துச்சு. மேனேஜருக்கு வேர்த்து ஊத்துது.

"சரி, இவங்க என்ன கத்துக்கிட்டாங்கன்னு பார்ப்போம்"னு எழுந்து வந்து, அதிகாரி போயும் போயும் காலர் பக்கத்துல நின்னாங்க. காலர் பயந்த சுபாவம், வாயில விரலை வெச்சாக் கூடக் கடிக்கத் தெரியாது. "இந்தச் சட்டத்துக்குள்ள ஒரு வரிசை கட்டம் போட்டு, ஒவ்வொரு கட்டத்துக்குள்ளயும் ஒரு பூ வரைங்க பார்ப்போம்"னு சொன்னாங்க. காலர் கட்டையை மாட்டி ஓட்டினா. பூ அழகா வந்துச்சு. கடைசிக் கட்டம் மட்டும் சட்டத்தைத் தாண்டி வெளியே நிக்குது.

"இங்கதான் தப்பு, குடுங்க"ன்னு சொல்லிக்கிட்டே அதிகாரி மவுஸ் மேல கையை வெச்சாங்க.

"மேடம், கை!"

ஓவர்லாக் அக்காதான். பள்ளிக்கூடத்துல பிள்ளையை அதட்டற மாதிரி ஒரு அதட்டல். மேனேஜருக்கு மூஞ்சியில ஈ ஆடலை. அதிகாரி வெடுக்குனு கையை எடுத்துட்டாங்க. அக்கா போர்டைக் காட்டினாங்க. முதல் நாள் எழுதின வரி, இன்னும் யாரும் அழிக்கலை. அதிகாரி கண்ணாடியை ஏத்திவிட்டு அதைப் படிச்சாங்க, ஒரு அடி பின்னால நகர்ந்து நின்னாங்க.

காலர் மறுபடி ஓட்டினா. வண்டைப் பார்த்தா. மறுபடி ஓட்டினா. விடை எல்லாருக்கும் தெரியும்னாலும் ஒருத்தரும் வாயைத் திறக்கலை. டீச்சர் அசையவே இல்லை. திடீர்னு காலர் வாயில கையை வெச்சுக்கிட்டா. "ஐயோ, பதட்டத்துல தையலுக்கு விட்டுட்டேன்!" நாங்க கொல்லுனு சிரிச்சோம். அவளே அளவைக் குறைச்சா, அவளே ஓட்டினா, கட்டம் பூவோட சட்டத்துக்குள்ள போய்க் கச்சிதமா உக்காந்துச்சு. அந்தப் பயந்தாங்கொள்ளி முகத்துல வந்த வெளிச்சத்தைப் பார்க்கணுமே! தையலுக்கு விடறதுன்னா என்னன்னு ஓவர்லாக் அக்கா விளக்கினதும் அதிகாரியும் சிரிச்சுட்டாங்க.

அப்புறம் அவங்க மேஜைக்குப் போய் உக்காந்து, பேப்பரை எடுத்து, பேனா மூடியைத் திறந்தாங்க. டீச்சரைப் பார்த்து, "உங்க பேரு?"ன்னு கேட்டாங்க.

மேனேஜர் உதவி பண்றதா நினைச்சு, "மேடம், அவங்க பேரு..."ன்னு ஆரம்பிச்சார். என் நாத்தனார் அவர் பக்கம் திரும்பி, உள்ளங்கையைக் காட்டி நிறுத்தினா. எங்க வீட்டுப் பொண்ணு! மேனேஜரை! அவர் பாதியிலயே வாயை மூடிக்கிட்டார்.

அப்புறம் அவ எழுந்து நின்னு ஆரம்பிச்சா. முதல் எழுத்துலயே மாட்டுச்சு. உதடு துடிக்குது, கழுத்து நரம்பு தெரியுது. மாட்டும்போதெல்லாம் கண்ணை மூடிக்கிற வழக்கம் அவளுக்கு. அன்னிக்கு மூடலை, அதிகாரியை நேராப் பார்த்துக்கிட்டே நின்னா. ஒரு தடவை விட்டுட்டு மறுபடி முதல்ல இருந்து எடுத்தா. மறுபடியும் மாட்டுச்சு. கீழே லைன்ல அடுத்த ஷிப்ட்காரங்க மெஷின் ஓடற சத்தம் மட்டும் கேக்குது.

என்னால தாங்க முடியலை. பேர் என் நாக்கு நுனியில நிக்குது. வாயைத் திறந்துட்டேன். பக்கத்துல இருந்து ஓவர்லாக் அக்கா என் கையை அழுத்திப் பிடிச்சாங்க. ஜென்மத்துல முதல் தடவையா அவங்க குரலைத் தாழ்த்தி, என் காதுல ஒரே ஒரு வார்த்தை சொன்னாங்க.

"மவுஸ்."

நான் வாயை மூடிக்கிட்டேன். கையை மடியில வெச்சுக்கிட்டேன். திரும்பிப் பார்த்தா, அத்தனை பேர் கையும் மடியிலதான் இருக்கு.

அவ சொன்னா. முழுப்பேரையும் சொன்னா, ஒரு எழுத்து குறையாம, வேற வார்த்தைக்குத் தாவாம. நான் அழுதேன். சொல்றதுக்கு என்ன வெக்கம்? பொலபொலன்னு அழுதேன்.

அதிகாரி அதுவரைக்கும் பேனாவைக் கீழே வெச்சுட்டுக் காத்திருந்தாங்க. இப்ப எடுத்து எழுதினாங்க. "இன்னொரு கேள்வி. நிதானமா சொல்லுங்க, எனக்கு நேரம் இருக்கு. அந்தம்மா அவ்வளவு நேரம் தடுமாறினாங்களே, ஏன் நீங்க விடையைச் சொல்லலை?"

"நான் சொல்லியிருந்தா, அது என் ப்ரோக்ராம் ஆயிருக்கும் மேடம்." இந்த ஒரு வரியைச் சொல்ல அவளுக்கு நான் ஒரு பாக்கெட் தைக்கிற நேரம் ஆச்சு. யாரும் அவசரப்படுத்தலை. அதிகாரி அதையும் எழுதிக்கிட்டாங்க. எழுந்து போகும்போது மேனேஜர்கிட்ட, "இவங்களே இருக்கட்டும், நிரந்தரமா. மத்த கிளையில இருக்கிற வாத்தியாருங்களை இங்க அனுப்பறேன், உக்காந்து பார்க்கட்டும்"னு சொன்னாங்க. முதல்ல வந்தவர் யார் தெரியுமா? மின்னலேதான். இன்னொரு கிளையில சேர்ந்திருக்காராம். பின்வரிசையில உக்காந்து, கையை எங்க வெச்சுக்கிறதுன்னு தெரியாம, கடைசியில தொடைக்கு அடியில வெச்சு அமுக்கிக்கிட்டார். பாவம்.

இப்ப அந்த மாடி அறைக் கதவுல அவ பேரைப் பெரிசா எழுதிப் பலகை மாட்டியிருக்காங்க. என் மாமியார் அதைப் பார்க்கிறதுக்குன்னே ஒருநாள் கம்பெனிக்கு வந்து, முந்தானையால அதைத் துடைச்சுட்டுப் போனாங்க. அவ பஸ்ல நம்ம ஸ்டாப்புக்கே டிக்கெட் எடுக்கிறா. திக்கல் போயிடுச்சான்னு கேக்காதீங்க, அது எங்கயும் போகலை, அப்படியேதான் இருக்கு. பஸ்ல டிக்கெட்டுக்காகப் பின்னாடி நிக்கிறவங்கதான் கொஞ்சம் முணுமுணுக்கிறாங்களாம். முணுமுணுக்கட்டும்.

சரி, அவ பேரென்னன்னுதானே கேக்குறீங்க? அதைச் சொல்ல வேண்டியவ அவ. மாடிக்கு வந்து அவகிட்டயே கேளுங்க, கண்டிப்பாச் சொல்லுவா. நீங்கதான் கையை மடியில வெச்சுக்கிட்டுக் கொஞ்சம் காத்திருக்கணும்.